தொழுகை விடாத மாதம்

செப்டம்பர் 15

வந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். இரவல் வாங்கிய தேக்சாக்களை உம்மா கழுவித் திருப்பி அனுப்பினாள்.

வியாழக்கிழமை மாலை உவைஸ் தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் ஷட்டரை இறக்கக் குனிந்தார். நிமிரவில்லை. முப்பத்து மூன்று வயது. இதயம் என்றார்கள். மற்றபடி என்ன சொன்னார்கள் என்பது என் நினைவில் இல்லை.

இப்போது நான் இத்தாவில். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய காத்திருப்பு. நான்கு மாதமும் பத்து நாளும் உம்மாவின் இந்த வீட்டுக்குள்ளேயே. அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. நகை இல்லை, அத்தர் இல்லை. வெள்ளைப் புடவை. அது மாமியினுடையது. உவைஸின் வாப்பா மவுத்தானபோது அவர் உடுத்தியது. எனக்கு நீளம் அதிகம். கால் தடுக்குகிறது.

தடுக்கக் கூடாது.

செப்டம்பர் 17

அந்தக் கேள்வியை எழுதி வைக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்குவதற்கு முன் வயதில் மூத்த பெண் ஒருத்தி, எல்லாப் பெண்களும் கேட்கும்படி, மனைவியிடம் ஒன்று கேட்பாள். வயிற்றில் பிள்ளை இருந்தால் இத்தா பிரசவம் வரை நீளும். பின்னால் ஒருவரும் ஒன்றும் பேசிவிடக் கூடாது. அதற்காகத்தான் எல்லோர் முன்னிலையிலும்.

மைமூன் கண்ணும்மா கேட்டார். "வவுத்துல ஏதும் உண்டா புள்ள?"

உம்மா முந்திக்கொண்டாள். "இல்ல. போன வாரம்தான் தலைக்குக் குளிச்சா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தலையசைக்கவில்லை. மறுக்கவும் இல்லை. ஜனாஸாவைத் தூக்கினார்கள்.

போன வாரம் நான் குளித்தது எண்ணெய்க் குளியல்.

செப்டம்பர் 21

மீன் பொரிக்கும் வாசனை. எழுந்து ஓடினேன்.

"துக்கம் வவுத்தப் புரட்டும்" என்றாள் உம்மா. சரி, துக்கம்.

செப்டம்பர் 23

எழுதிவிடுகிறேன். உண்டு.

உவைஸ் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு நானே சோதித்துப் பார்த்தேன். இரண்டு கோடுகள். அவரிடம் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் தாண்டட்டும் என்று இருந்தேன்.

முதல் தடவை தெரிந்த அன்றே சொன்னேன். தெரு முழுக்க மிட்டாய் போயிற்று. மூன்றாம் மாதம் விழுந்தது. இரண்டாவது தடவை ஐந்தாம் மாதம். அதற்குள் மாமி சின்னச் சின்னச் சட்டைகள் தைத்திருந்தார். அவற்றைப் பிறகு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே இம்முறை மௌனம். இதில் சகுனம், நம்பிக்கை என்றெல்லாம் ஒன்றுமில்லை. எம்.ஏ. தத்துவம் படித்தவள் நான். இது நடைமுறை, அவ்வளவுதான்.

உவைஸிடம் சொல்லாமல் விட்டதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 30

மாமி தினமும் முடுக்கு வழியாக வருகிறார். எங்கள் ஊரில் வீடுகளின் பின்புறத்தை இணைக்கும் ஒடுங்கிய சந்து; பெண்கள் மட்டும் நடப்பது. வந்து என் எதிரில் உட்காருகிறார். பேசுவதில்லை. குர்ஆனிலிருந்து ஒரு யாசீன் ஓதுகிறார். போகும்போது "பெயித்து வாறேன்" என்கிறார்.

இன்று என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "எலும்பு தெரியுது. அவனையே நெனச்சிட்டு இருக்கியா?"

ஆமாம் என்றேன். நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு.

அக்டோபர் 4

விலக்கு வர வேண்டிய தேதி. வராது.

இந்த வீட்டில் அதற்கு நாட்காட்டி தேவையில்லை. அந்த நாட்களில் பெண்கள் தொழ மாட்டோம். யார் பாய் விரிக்கவில்லை என்பது பக்கத்துப் பாயில் நிற்பவளுக்குத் தெரியும்.

நாளை முதல் நான் பாய் விரிக்கக் கூடாது.

அக்டோபர் 5

ஐந்து வேளையும் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. ஐந்து வேளையும் உட்கார்ந்திருந்தேன்.

தொழுது முடித்து உம்மா சலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினாள். அங்கே நான். அந்த முகம் என் மேல் பட்டு, நிற்காமல் மறுபக்கம் போயிற்று.

அக்டோபர் 6

பயந்தால் தொழுவார்கள். நான் பயத்தினால் தொழாமல் இருக்கிறேன்.

அக்டோபர் 8

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கறை தேடுகிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் துணியைப் பிடித்துப் பார்க்கிறேன். வெள்ளை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. வெள்ளை.

யாருக்கு நன்றி சொல்வது? இந்த வாரம் அதற்கும் வழியில்லை.

அக்டோபர் 11

பாய் விரித்தேன்.

"குளிச்சிட்டியா?" என்றாள் உம்மா.

"ம்."

சஜ்தாவில் நெற்றி தரையில் பட்டபோது எழுந்திருக்க மனமில்லை. நின்றிருந்தவளைத் திடீரென்று உட்காரச் சொன்ன மாதிரி இருந்தது.

அக்டோபர் 24

முதலாவது விழுந்தது இதே மாதக் கணக்கில், இப்படி ஒரு நாளில்தான்.

"அந்தத் தண்ணிக் குடத்த எடுத்து அடுப்படியில வை" என்றாள் உம்மா. உண்டு என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் குடத்தை நான் பார்க்கவே விடமாட்டாள்.

"முதுகு பிடிச்சிருக்கும்மா."

"சும்மா உக்காந்தே இருந்தா பிடிக்காம என்ன செய்யும்? எளும்பி நாலு வேலயப் பாரு."

பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூக்கினேன். வைத்துவிட்டு நேரே குளியலறை. வெள்ளை.

நவம்பர் 1

நாளைக்கு மறுபடி பாயைச் சுருட்ட வேண்டும். ஒரு வாரம்.

முடியுமா என்று தெரியவில்லை. போன மாதம் அந்த ஒரு வாரத்தில் என்ன நடந்தது என்பதை இங்கே நான் எழுதவில்லை. ஒவ்வொரு பாங்கின்போதும் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. பயத்தினால் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் பிடித்தது. தொழ முடிந்தும் தொழாமல் விடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று மதரசாவில் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்போது அது எனக்கு ஒரு பாடம். இப்போது அடிவயிறு.

தொழுதால் உம்மா கவனிப்பாள். கவனித்தால் கேட்பாள். கேட்டால்.

நவம்பர் 2

தொழுதேன். ஐந்து வேளையும்.

இது துணிச்சல் இல்லை. பாங்கு சொன்னார்கள். எழுந்தேன். அவ்வளவே.

நவம்பர் 3

தொழுதேன். உம்மா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தடவை பார்த்தாள்.

நவம்பர் 12

கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"இந்த மாசம் தொழுகை விடல போல."

"இல்ல."

"மவுத்து விழுந்த வீட்டுல அப்படித்தான். துக்கம் ரத்தத்தக் கட்டிப்போடும். என் வாப்பா போனப்ப எனக்கு ரெண்டு மாசம் நின்னுபோச்சு."

அந்த எண்ணம் அவளுக்கு வரவே இல்லை. அன்றைக்குத் தெருவின் முன்னால் அவளே 'இல்லை' என்று சொன்னவள். தான் சொன்னதை அவள் அப்படியே நம்புகிறாள்.

மாலையில் அடுப்பில் ஏதோ கொதிக்கும் மணம். கசப்பான, கரிய மணம். கருஞ்சீரகம். கூடவே எள்ளும் வெல்லமும்.

"நபிவழி மருந்து. காலையில வெறும் வவுத்துல குடிச்சிடு. கட்டுனது உடையும்."

கட்டியது உடையும்.

நவம்பர் 13

கிளாஸைக் குளியலறைக்கு எடுத்துப் போய் ஊற்றினேன். இரண்டு வாளி தண்ணீர்.

நான் தொழுததால் வந்தது இது. போன மாதம் தொழாமல் இருந்தபோது யாரும் எனக்குக் கஷாயம் வைக்கவில்லை. கீழ்ப்படிந்தவளுக்கு இதுதானா என்று ஒரு நிமிடம் கேட்டேன். பிறகு அந்தக் கேள்வியே பயமாக இருந்தது.

நவம்பர் 16

ஊற்றினேன்.

நவம்பர் 20

ஸுமைய்யா வந்தாள். பள்ளியில் என் பக்கத்து இருக்கை. இப்போது பெண்கள் மதரசாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாது. வியாழன்தோறும் வந்து என்னைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறாள்.

"என்ன மேடம், இத்தா இருக்கிறீங்களா, ஆராய்ச்சிக் கட்டுரை எளுதுறீங்களா? எப்பப் பாத்தாலும் கையில பேனா."

அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டேன். "ஒரு சந்தேகம். இத்தாவுல இருக்கிறவ, வவுத்துல இருக்கிறத மறைச்சா?"

"மறைக்கக் கூடாது. அதத் தெரிஞ்சிக்கத்தானே பாதி இத்தாவே." சட்டென்று நிறுத்தினாள். "யாருக்குக் கேக்குற?"

"ஆராய்ச்சிக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு புடவை மடிப்பை. "உன் ஆராய்ச்சிக்கு எத்தன மாசம்?"

சிரித்துவிட்டேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். கஷாயத்தைப் பற்றிச் சொன்னேன்.

"குடிக்காத. ஒரு வாய்கூட."

"குடிக்கல."

"சொல்லிடு."

"சொன்னா போயிடும். ரெண்டு தடவையும் சொன்னேன், போயிடுச்சு."

"அப்போ இத யாரு காப்பாத்திட்டு இருக்கா? உன் வாயா?"

பேனாவை மூடினேன். அவளே தொடர்ந்தாள். "நான் யாருட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். பயப்படுறது பாவமில்ல. எனக்குப் பல்லியப் பாத்தாலே ஈரக்கொல நடுங்கும், என்கிட்ட எழுபது புள்ளைங்க படிக்குது."

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 21

வெள்ளிக்கிழமை. சொல்லவில்லை.

நவம்பர் 25

மழை. முடுக்கில் கணுக்கால் தண்ணீர். இருந்தும் மாமி வந்தார்.

எனக்குத் தொழுகை விடாததை உம்மா அவரிடம் சொல்லிவிட்டாள். இருவரும் அடுக்களையில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். "கஷாயம் கேக்கலியா?" "தினம் குடுக்குறேன், அசையல." "நீ முன்னால நின்னு குடுக்கிறியா? இவளுவ குடிக்கிறேன்னு சொல்லுவாளுவ."

நவம்பர் 27

உம்மா முன்னால் நின்றாள்.

"பிஸ்மி சொல்லு. குடி."

இப்போது சொல்லிவிடலாம் என்று கிளாஸை வாயருகே கொண்டுபோகும் வரை நினைத்தேன். உம்மாவின் கண்ணைப் பார்த்தேன். இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் மயங்கி விழுந்தது ஞாபகம் வந்தது. நாளைக்குச் சொல்லலாம்.

குடித்தேன். முழுவதும்.

இதை நான்தான் செய்தேன். என் வாயைத் திறக்க வேறு யாரும் பலவந்தம் செய்யவில்லை. பேசத் திறந்திருக்கலாம்.

நவம்பர் 29

வெள்ளை இல்லை.

சின்னது. விரல்நுனி அளவு. பழுப்பு. துணியை மடித்தேன். விரித்தேன். மடித்தேன். வெளியே மழை கொட்டுகிறது. உம்மா கதவைத் தட்டி, "எவ்வளவு நேரம்?" என்கிறாள்.

வருகிறேன் என்றேன். நாள் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அசைந்தால் இரத்தத்துக்குக் கேட்டுவிடும் என்பது போல.

டிசம்பர் 1

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத முடிகிறதா பார்க்கிறேன். படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் முடுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு மாமி வந்தார். முழங்கால் வரை நனைந்திருந்தது. இந்தத் தண்ணீரில் நடக்க வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். புர்காவுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்தார். தானே காய்ச்சியது. உம்மா வைப்பது தண்ணீர் மாதிரி இருக்கிறதாம்.

எனக்கு எதிரில் உட்கார்ந்து கிளாஸில் ஊற்றினார். கெட்டியாக, தார் மாதிரி விழுந்தது.

"குடிச்சிடு வாப்பா. ஒடம்பு சரியாவும். என் மவன்தான் போயிட்டான், நீயாவது நல்லா இருக்கணும்."

கிளாஸ் சுட்டது. அவர் விரல்கள் மழையில் சுருங்கி வெளுத்திருந்தன. இவருக்கும் சேர்த்துத்தான் நான் மௌனமாக இருந்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் போன வீட்டில் இன்னொன்றைக் கொடுத்துப் பறிக்கக் கூடாது. நல்ல காரணம். ஆனால் கொடுப்பதும் பறிப்பதும் என் கையிலா இருந்தது?

கிளாஸைக் கீழே வைத்தேன்.

"மாமி, உண்டு."

"என்ன உண்டு?"

"வவுத்துல."

அவர் கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கிளாஸை.

"எப்பலேந்து?"

"அவஹ இருக்கும்போதே."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது. அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"இதுல எத்தன குடிச்ச?"

"ஒண்ணு. உம்மா முன்னால நின்ன அன்னிக்கு மட்டும். மத்ததெல்லாம் கொட்டிட்டேன்."

"ரத்தம் கண்டுச்சா?"

"நேத்து. கொஞ்சம்."

மாமி எழுந்தார். கிளாஸை ஜன்னல் வழியே மழையில் கொட்டினார். "ரஹ்மத்! உன் மவளுக்குச் செருப்பு எடு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

உம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "இத்தாவுல எப்படி மைனி வெளிய..."

"ஆஸ்பத்திரிக்குப் போனா இத்தா முறியாது. செருப்ப எடு."

உம்மா நகரவில்லை. கையில் கருஞ்சீரக டப்பா. அதை மூடினாள். திறந்தாள். மூடினாள். மாமியே செருப்பை எடுத்து வந்து என் காலடியில் போட்டார்.

தெருவில் ஆட்டோ ஓடவில்லை. ஊர் ஜமாஅத்தின் டிராக்டரில் போனோம், நானும் மாமியும். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் மூச்சைப் பிடித்தேன். மாமி என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார், நான் நழுவி விழுந்துவிடுவேன் என்பது போல.

பெண் டாக்டர் மழையில் வர முடியவில்லை. இருந்தவர் ஓர் இளைஞர். மாமி ஒரு கணம் நின்றார். "பாக்கட்டும்" என்றார்.

துடிப்பு இருக்கிறது.

அதற்கு மேல் அவரால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது. மறுபடி இரத்தம் வரலாம். கஷாயத்தினால் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. படுக்க வேண்டும். குனியக் கூடாது. தொழுவதுகூடப் படுத்தபடி.

"நிக்குமா டாக்டர்?" என்றார் மாமி.

"பாக்கலாம்மா."

டிசம்பர் 2

மாமி இங்கேயே தங்கிவிட்டார். எனக்குக் கஞ்சி ஊட்டும்போது சொன்னார்.

"நீ சொல்லியிருந்தா என் மவன் ரெண்டு நாளாச்சும் சந்தோஷமா இருந்துட்டுப் போயிருப்பான்."

கோபத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினார். வாயைத் திறந்தேன்.

அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். உண்மையில் எழுத அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

உம்மா என்னிடம் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து ஒரு சொல் இல்லை. தண்ணீர் வைக்கிறாள். போர்வையைச் சரிசெய்கிறாள். என் முகத்தைப் பார்க்காமல் போகிறாள். என் மேல் கோபம் என்று முதலில் நினைத்தேன்.

டிசம்பர் 4

"தெருவுக்குச் சொல்லணும்" என்றார் மாமி. "அன்னிக்கு எல்லாருக்கும் முன்னால இல்லன்னு சொல்லியாச்சு. அது அப்படியே கெடக்கக் கூடாது."

"அஞ்சாம் மாசம் தாண்டட்டும் மாமி."

"தாண்டும்னு உன்கிட்ட யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"தாண்டலேன்னா தனியா அளுவியா? போன தடவ நான் உன்கூட அளுதேன்ல?"

இத்தா இனி பிரசவம் வரை. அல்லது எது முடிகிறதோ அது வரை. சொன்னால் தெரு முழுக்க என் வயிற்றைப் பார்க்கும். எல்லோரும் ஆசைப்படுவார்கள். அதைத்தான் நான் இவ்வளவு பயந்தேன்: மற்றவர்களின் ஆசை.

"போய்ச் சொல்லுங்க" என்றேன். மறுபடி சொன்னேன்.

தண்ணீர் வடிந்த முடுக்கில் மாமி நடந்தார். ஒவ்வொரு பின்வாசலிலும் நின்றார். படுத்திருந்த இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "எங்க ரஹ்மத் மவளுக்கு உண்டு. துஆ செய்யுங்கோ." அடுத்த கதவு. "அன்னிக்குத் தெரியாமச் சொல்லிட்டோம். உண்டு. துஆ செய்யுங்கோ." ஒவ்வொரு தடவையும் என் விரல்கள் போர்வையைப் பிடித்தன. குரல் தேய்ந்து தேய்ந்து, தெருமுனையில் வார்த்தைகள் புரியாமல் போயின.

டிசம்பர் 5

பழுப்பாகக் கொஞ்சம். பழையதாக இருக்கலாம் என்கிறார் டாக்டர், போனில். இருக்கலாம்.

டிசம்பர் 7

இன்று காலை முதல் வெள்ளை. நாளைக்குத் தெரியாது.

நண்பகல் லுஹரைப் படுத்தபடி தொழுதேன். குனிய வேண்டிய ருகூவுக்கும் சஜ்தாவுக்கும் தலையை மட்டும் அசைத்தேன். முடித்த பிறகு கைகள் துஆவுக்கு உயர்ந்தன. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை மாதத்தில் நான் ஒரு தடவைகூட இதைக் கேட்கவில்லை. உவைஸின் மறுமைக்குக் கேட்டேன். மாமியின் பொறுமைக்குக் கேட்டேன். இதைக் கேட்டால் உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், ஒப்புக்கொண்டால் எடுத்துக்கொள்வான் என்று வாயை மூடியிருந்தேன். தெருவிடம் மறைத்தேன், உம்மாவிடம் மறைத்தேன். படைத்தவனிடமும் மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

சத்தமாகக் கேட்டேன். வீட்டில் கேட்கிற சத்தத்தில்.

"யா அல்லாஹ், எனக்கு இந்தப் புள்ள வேணும். நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. எனக்கு வேணும்."

பயம் போகவில்லை. கைகளைக் கீழே இறக்கவில்லை.

அடுக்களையில் ஆணம் கிண்டிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது.

"ஆமீன்" என்றாள் உம்மா.